மௌனத்துக்கு ஒரு பொழிப்புரை

அறிமுகமே இல்லாத ஒரு மாப்பிள்ளையின் வரவேற்பில் மேடையேறி, பாடிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிப் பேசியவன் நான்தான். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் ஊட்டியில் இன்னும் சிலராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கையில், அவர்களுக்காக நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். குடித்திருக்கவில்லை. குடித்திருந்தால் மன்னித்திருப்பார்கள், இந்தக் குளிரில் அதற்கென்று ஒரு சலுகை உண்டு. ஒரு தம்ளர் பாதாம்பால் மட்டுமே உள்ளே போயிருந்தது. சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட், கழுத்தில் மப்ளர் என்று கல்யாணத்துக்கு வந்த கரடி போல நின்றுகொண்டு, முழு நினைவோடு, ஒரு மௌனத்தை விளக்கிப் பேசினேன்.

இதற்கெல்லாம் ஒரு பாட்டு காரணம். ‘நான் வந்து நிக்கிறேனே.’ போன சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிய வண்டிகளில் எல்லாம் அதுதான் ஓடியது. சேரிங்கிராஸ் நெரிசலில் மாட்டிக்கொண்ட கார்கள் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் ஒன்று சேர்ந்து ‘நான் வந்து நிக்கிறேனே’ என்று பாடின. அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது என்பதை, வயிற்றெரிச்சலோடுதான் என்றாலும், நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாடியது சென்னைப் பையன் ஒருவன். சுருட்டை முடி, ஒரு காதில் மட்டும் கம்மல், எந்த நேரமும் தூங்கி எழுந்தது போன்ற முகம். முதல் வரியைப் பாடி முடித்ததும் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றுவிடும். மூச்சை இழுத்து விடும் நேரத்துக்குச் சத்தமே இருக்காது. பிறகு கல் லாரி கவிழ்ந்த மாதிரி டிரம்ஸ் கொட்டும். அந்தக் கொட்டலில் குதிப்பதற்காகவே இளைஞர்கள் அந்த நிறுத்தத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். குன்னூர்ப் பக்கம் சாலையோரத்துத் தேயிலைக்குள் இறங்கி, கைகளை விரித்து, கண்ணை மூடி, நின்று, குதித்து, ரீல்ஸ் எடுத்துவிட்டு, செடியில் ஒட்டிய மண்ணைக் காலால் தட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பறித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களும் அந்த ரீல்ஸில் இருக்கிறார்கள், செடிகளைப் போலவே.

பாட்டை எழுதியவன் நான். எழுதியது நாடகத்துக்கு. என் வரிகள் இவை:

நான் வந்து நிக்கிறேனே – பனியில
நனைஞ்சு நிக்கிறேனே
கத்தி இல்லாம, கம்பளி இல்லாம
நான் வந்து நிக்கிறேனே

சென்னைப் பையன் முதல் வரியை அப்படியே வைத்துக்கொண்டான். பனியை எடுத்துவிட்டு ஒரு பெண்ணின் வீட்டு வாசலை வைத்தான். ‘கத்தி இல்லாம, கம்பளி இல்லாம’ என்பது ‘ஹெல்மெட் இல்லாம, லைசென்ஸ் இல்லாம’ என்று ஆகிவிட்டது. சந்தம் இடிக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் புண்படுத்தியது.

பாட்டுக்குக் கீழே ‘வரிகள், மெட்டு: மரபு’ என்று போட்டிருந்தார்கள். மனிதன் செத்துச் சில நூற்றாண்டுகள் ஆன பிறகு கிடைக்கக்கூடிய பதவி அது. எனக்கு காஸ் இணைப்பும் ரத்த அழுத்த மாத்திரையும் நடப்பில் இருக்கும்போதே கிடைத்துவிட்டது. ஒரு பேட்டியில் அந்தப் பையனிடம் பாட்டு எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். “நீலகிரியில பனிக்குள்ள தனியா நடந்துட்டிருந்தேன். பனிக்குள்ள இருந்து இந்த மெட்டு வந்துச்சு” என்றான். நான் பாதி ஆயுளை இந்தப் பனிக்குள்ளே கழித்தவன். பனிக்குள்ளிருந்து மெட்டு வந்து பார்த்ததில்லை. காட்டெருமை வரும்.

பொறுக்க முடியாமல் பாட்டுக்குக் கீழே என் கருத்தைப் பதிந்தேன்: “இது எங்கள் நாடகப் பாடல். இதை எழுதியவன் நான்.” கொஞ்ச நேரத்தில் ஒருவர் பதில் போட்டார்: “அங்கிள், மாத்திரை போட்டாச்சா?” நான் இத்தனை வருடம் பத்திரிகைகளில் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகள் எதற்கும் கிடைக்காத வரவேற்பு அந்தக் கேள்விக்குக் கிடைத்தது. விருப்பம் தெரிவித்தவர்களின் வரிசையில் என் மனைவியின் பெயரும் இருந்தது.

“நீயுமா?” என்றேன்.

“அந்தப் புள்ள கேட்டதுல என்னங்க தப்பு? நானுந்தான் தெனமும் அதைக் கேக்கறேன். போட்டீங்களா?”

போடவில்லை.

நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் கோயமுத்தூர்க்காரன், அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்து ஊட்டிக்கு வந்து, மாற்றல் கேட்கச் சோம்பல்பட்டே மலைக்காரன் ஆனவன். இங்கே அலுவலகக்காரர்கள் சிலர் சேர்ந்து வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். பெண் வேடத்தில் ஓர் ஆண், காது கேட்காத ஒரு மாமனார், கடைசியில் எல்லோருக்கும் கல்யாணம். அவற்றை எழுதுவது நான். ஒரு வருடம், ஆங்கில நாடகங்களை மொழிபெயர்ப்பில் அளவுக்கு மீறிப் படித்துவிட்ட காரணத்தால், எனக்குக் கனமான நாடகம் எழுதும் கிறுக்குப் பிடித்தது. கனத்துக்கு ஆள் தேடினேன். ஊட்டியிலேயே, காந்தலில் கிடைத்தார்.

காந்தலில் ஒரு பேக்கரியில் வர்க்கி சுடுபவர் அவர். வெளியூர்க்காரர்கள் அட்டைப் பெட்டி பெட்டியாக வாங்கிப்போகிற, மேலே தொட்டால் உள்ளே வரைக்கும் உதிர்கிற அந்த வர்க்கிதான். என் வயதுதான் இருக்கும். சனி ஞாயிறுகளில் ஒரு லைட் மியூசிக் குழுவில் பாடுவார். எங்கள் நாடகங்களில் பாட்டு வேண்டும் என்றால் அவரைக் கூப்பிடுவோம். அவருடைய அப்பா சிலோனிலிருந்து வந்தவர். சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், அதாவது செடிகளைக் கத்தியால் கழித்துவிடுகிறவர். அந்த வீட்டுப் பேச்சு மகனிடமும் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னை ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவார்.

தோட்டங்களில் காலையில் ஃபேக்டரிச் சங்கு ஊதினால் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். அங்கேதான் பெயர் வாசித்து, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புவார்கள். பெயர் வாசிக்கும்போது ஆண்கள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, சட்டமும் இல்லை. ஆனால் ஒருவரும் மறந்ததில்லையாம். வர்க்கிக்காரரின் அப்பாவுக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த பிறகு, தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்த அந்தக் கொஞ்ச நாள், சங்கு ஊதினதும் மனிதர் எழுந்து போய்விடுவாராம். களத்தின் ஓரத்தில், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லார் பெயரையும் வாசித்து முடித்து எல்லாரும் மலைக்குப் போகிற வரைக்கும் நிற்பார். பிறகு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கேட்பார்.

“ஏன் போறீங்கன்னு கேக்கலையா?” என்றேன்.

“கேட்டோம் சேர். ‘சங்கு ஊதுதுல்ல’ன்னாரு.”

அதை வைத்துத்தான் நாடகம் எழுதினேன். அதில் அந்த அப்பாவாக அவரே நடித்தார். மாவை மடித்து அடித்துக்கொண்டே அவர் முணுமுணுத்த மெட்டுக்கு நான் வரி கட்டினேன். மெட்டு அவருடையது, வரி என்னுடையது, நின்றது அவருடைய அப்பா. பேக்கரியில் எங்களோடு மரபு என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அந்த நிறுத்தம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் எழுதியபடி, ‘நான் வந்து நிக்கிறேனே’ என்று அவர் முடித்ததும் சங்கு ஊத வேண்டும். சங்கு என் பொறுப்பு. என் கைப்பேசியில் சங்குச் சத்தம் தயாராக இருந்தது, ஒலிபெருக்கியும் இணைத்திருந்தது. அவர் பாடி முடித்த நேரத்தில் நான் திரைக்குப் பக்கத்திலிருந்து தலையை நீட்டி, தலைமை தாங்க வந்தவர் விழித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதவில்லை. அவர் சங்குக்காக நின்றார். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சபையைப் பார்க்காமல், சபைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். ஊதாது என்று தெரிந்த பிறகும் நின்றார். நான் விழுந்தடித்து உள்ளே ஓடுவதற்குள் அவரே அடுத்த வரியைப் பாடிவிட்டார். சபையில் ஓர் இருமல்கூட இல்லை. ஊட்டியில் சபை இருமாமல் இருந்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

நாடகம் முடிந்ததும் தலைமை தாங்கியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எல்லாரும் சங்கு ஊதப்போகுதுன்னு காத்திருந்தோம். ஊதவே இல்லை பாருங்க, அங்கதான் நீங்க நிக்கறீங்க. எப்படித் தோணுச்சு?”

“எழுதும்போதே அப்படித்தான் வந்தது” என்றேன்.

பக்கத்தில் வர்க்கிக்காரர் தேங்காய் எண்ணெய் வைத்து முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது, “அப்பா நின்ன மாதிரியே நின்னு பாத்தேன் சேர்” என்றார்.

அதன் பிறகு கூடலூரில் ஒருமுறை அந்த நாடகத்தைப் போட்டோம். சங்கை நாங்களே எடுத்துவிட்டோம். அங்கே யாரோ கைப்பேசியில் பாட்டை மட்டும் படம் எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். அது எந்தெந்தக் கைகளிலோ போய்ச் சென்னைப் பையனின் காதில் விழுந்து, பனியாகி, மரபாகி, டிரம்ஸோடு மலைக்குத் திரும்பி வந்தது.

நான் காந்தலுக்குப் போய், ஏதாவது செய்ய வேண்டும் என்று வர்க்கிக்காரரிடம் கொதித்தேன். அவர் தட்டில் வர்க்கியை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“விடுங்க சேர். அந்தத் தம்பி நல்லாத்தான் பாடுது. நிக்கத்தான் தெரியல.”

அவருக்கு வந்த சங்கடம் வேறு. எந்த வரவேற்புக்குப் போனாலும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். அவர் பாட மாட்டேன் என்றார். குழுவின் தலைவர், கீபோர்டு வாசிப்பவர், குன்னூரில் செல்போன் கடை வைத்திருக்கும் கெட்டிக்காரர். கல்லூரி முடித்த ஓர் இளைஞனைக் கொண்டுவந்து அந்தப் பாட்டை அவனிடம் கொடுத்தார். அவன் சென்னைப் பையன் போலவே பாடினான்; கம்மலும் குத்திக்கொண்டான். மெல்ல மெல்ல மற்றப் பாட்டுகளும் அவனிடம் போக ஆரம்பித்தன. கடைசியில் வர்க்கிக்காரருக்குத் தொடக்கத்தில் பிள்ளையார் பாட்டும், சாப்பாட்டு நேரத்தில் யாரும் கேட்காத பழைய பாட்டுகளும் மிஞ்சின.

ஒருநாள் அவர் தலைவரிடம் போய், அந்தப் பாட்டை ஒரே ஒருமுறை நாடகத்தில் பாடிய மாதிரி பாடிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். நானும் அன்று அந்தச் செல்போன் கடையில் இருந்தேன்.

“ஏனுங்கண்ணா, கல்யாண ஊட்ல வந்து நின்னுக்கிட்டு அழுவாச்சி பாடுனா பந்தியில சோறு எறங்குமுங்களா?” என்றார் தலைவர்.

“ஒருக்கா தம்பி. ஒரே ஒருக்கா.”

தலைவர் ஒரு கைப்பேசியைப் பிரித்துப் போட்டு, உள்ளே ஊதிக்கொண்டே யோசித்தார். “சரிங்க. வார ஞாயித்துக்கிழமை ஊட்டியில ஒரு ரிசப்ஷன். பொண்ணு ஊட்டுக்காரங்க சேரம்பாடிப் பக்கம். அங்க பாடுங்க. கூட்டம் கேட்டுச்சுன்னா அந்தப் பாட்டு இனிமே உங்களுது, எங்க போனாலும் நீங்கதான் பாடறீங்க. கேக்கலைன்னா தம்பியே பாடட்டும். அதுக்கப்பறம் நீங்க கோவிச்சுக்கப்படாது.”

“கோவிக்க மாட்டேன்.”

கடையிலிருந்து இறங்கும்போது அவர் என்னிடம் கேட்டார்: “நீங்க வருவீங்களா சேர்?”

“வராம? நான் என்ன செய்யணும் சொல்லுங்க.”

“ஒண்ணுஞ் செய்ய வேணாம். வந்து உக்காந்தா போதும்.”

இதை நான் காது கொடுத்துக் கேட்டேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் மனைவியும் போனோம். வாசலில் பன்னீர் தெளித்த பெண், “பொண்ணு ஊடுங்களா, மாப்பிள்ள ஊடுங்களா?” என்று கேட்டாள். “ஆர்க்கெஸ்ட்ரா ஊடு” என்றாள் என் மனைவி. கோயமுத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையில் ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டிருந்தார்கள். சேரம்பாடிக்காரர்கள் இடப்பக்கம் முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் வயதானவர்கள் சிலர் குரங்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார்கள். பின்னால், கதவோரம், மாப்பிள்ளையின் சிநேகிதப் பையன்கள் கும்பல்.

வர்க்கிக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். தலைவர் பாட்டின் பெயரைச் சொன்னதும் பையன்கள் விசிலடித்தார்கள். டிரம்ஸுக்காக அவர்கள் கால்களைத் தயார் செய்துகொண்டிருந்தபோது அவர் தாளமே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போல, மெதுவாகத் தொடங்கினார். விசில் பாதியில் நின்றது. பனி வந்தது, கத்தியும் கம்பளியும் வந்தன. ஹெல்மெட் வராததில் பையன்களுக்கு ஏமாற்றம். என் வரிக்கு நானே தலையாட்டுவது நாகரிகம் இல்லை என்பதால் மப்ளரைச் சரிசெய்துகொண்டேன்.

‘நான் வந்து நிக்கிறேனே’ என்று முடித்தார். தலைவர் கீபோர்டிலிருந்து விரல்களை எடுத்துவிட்டார். வர்க்கிக்காரர் நின்றார்.

சென்னைப் பையன் நிறுத்தும் அந்த ஒரு மூச்சு நேரம் ஆனது, தாண்டியது. அவர் நின்றுகொண்டே இருந்தார். சமையல் பக்கத்தில் கரண்டி ஒன்று விழுந்தது கேட்டது. பின்னாலிருந்து ஒரு பையன், “மறந்துட்டாருடா” என்றான். சிரிப்பு. இன்னொருவன், “அண்ணே, ஹெல்மெட்டுண்ணே” என்று எடுத்துக்கொடுத்தான். அந்த மூலையில் இரண்டு மூன்று பேர் தாங்களே பாட ஆரம்பித்தார்கள். தலைவர் என்னைப் பார்த்தார், அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். தலையிலிருந்த குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் எழுந்தார். அதற்குப் பின்னால் இன்னும் ஒருவர்.

போகிறார்கள் என்று நினைத்தேன். சபை எழுந்து போகிறது, பந்திக்குப் போகிறது, இவர் பாட்டு போயிற்று, இவர் இடம் போயிற்று என்று எனக்குள் ஒரு பதற்றம். நாடகம் எழுதுகிறவனுக்கு நாற்காலி நகரும் சத்தத்தைவிடப் பயங்கரமான சத்தம் உலகத்தில் கிடையாது. மனைவி கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. அதற்குள் மேடையில் இருந்தேன். அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்று நான் சொல்கிறேன். வீடியோவில் அது பிடுங்குவதாகத்தான் தெரிகிறது.

“அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே. தயவுசெய்து உட்காருங்கள். இவர் மறக்கவில்லை. இது மௌனம்” என்றேன்.

பிறகு மௌனத்தின் வரலாற்றைச் சொன்னேன். இந்தப் பாட்டு எங்கள் நாடகத்தில் எப்படிப் பிறந்தது, சென்னையில் அதை எப்படிக் கெடுத்தார்கள், உண்மையில் இங்கே ஒரு சங்கு ஊத வேண்டும், ஆனால் ஊதாது, அந்த ஊதாமைதான் இதன் உயிர் என்றெல்லாம் பேசினேன். சங்க இலக்கியத்தில் சொல்லாமல் விடுவதன் சிறப்பு பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதாக மனைவி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை, நான் சொல்லக்கூடியவன்தான். அவர் எவ்வளவு நேரம் நின்றாரோ அதைவிட வெகு அதிகமான நேரம் அந்த நிறுத்தத்தை விளக்கினேன். நடுவில் பெரியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நான் உட்காரச் சொன்னேன் அல்லவா? என் பேச்சுக்குக் கட்டுப்பட்டார்கள் என்று அந்த நேரத்தில் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கினார். ஆனால் பாடவில்லை. தலைவர் கண்ணைக் காட்ட, இளைஞன் ஓடிவந்து பக்கத்தில் நின்றான், டிரம்ஸ் கொட்டியது, ஹெல்மெட் இல்லாமல் லைசென்ஸ் இல்லாமல் மண்டபமே குதித்தது. மாப்பிள்ளையும் குதித்தார். வர்க்கிக்காரர் மேடை ஓரத்தில் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டு முடிகிற வரைக்கும் நின்றுவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் வீடியோ வந்துவிட்டது. ‘கல்யாணத்தில் மைக் பிடுங்கிய அங்கிள்.’ அதை அவள் சமையலறையில் நின்று பார்த்தாள். பிறகு வந்து கைப்பேசியை என் முன்னால் வைத்து, படத்தை ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“உங்களப் பாக்காதீங்க. அது எப்பவும் இருக்கறதுதான். உங்களுக்கு அந்தப் பக்கம் பாருங்க.”

என் தோளுக்கு அப்பால் அந்தப் பெரியவர்கள் நின்றிருந்தார்கள். கதவுப் பக்கம் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை. எல்லாரும் மேடையைப் பார்த்து, காலைச் சேர்த்து, குல்லாவை இரண்டு கையாலும் வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நேராக நின்றிருந்தார்கள். யாருக்கோ பெயர் வாசிக்கப்போவது போல.

இதே காட்சியை நான் எழுதியிருக்கிறேன். நாடகப் பிரதியில், அடைப்புக்குறிக்குள், ‘துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறார்’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எனக்கு முன்னால் அது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றபோது, சாப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

“பின்னாடி நாலு பசங்கதானுங்க கத்துனாங்க” என்றாள் மனைவி. “மத்தவங்கெல்லாம் பெரியவிகளத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. இன்னுங் கொஞ்ச நேரம் உட்டிருந்தீங்கன்னா அந்தப் பசங்களும் அடங்கியிருப்பாங்க.”

“நீ அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“கோட்டைப் புடிச்சு இழுத்தனே. பொத்தான் அந்துபோயி என்ற கையிலதான் இருக்குது.”

தலைவர் சொன்ன சொல் தவறவில்லை. பாட்டு இளைஞனுக்குப் போனது. கொஞ்ச நாளில் பிள்ளையார் பாட்டும் அவனிடமே போனது. வர்க்கிக்காரர் கோவிக்கவில்லை. பனி தொண்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி நின்றுவிட்டாராம். பிறந்தது முதல் இந்த மலையில் இருப்பவருக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கும் ஒரு நன்மை நடந்தது. யாரோ ஒரு வேலையற்ற மேதை, சென்னைப் பையனின் பாட்டில் அந்த நிறுத்தம் வரும் இடத்தில் என் குரலை வெட்டி ஒட்டிவிட்டான். ‘நான் வந்து நிக்கிறேனே’; எல்லாம் நிற்கிறது; ‘அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே’ என்று நான்; உடனே டிரம்ஸ். இப்போது ரீல்ஸ்காரர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆக, அந்தப் பாட்டில் கடைசியில் எனக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அவர் நின்ற இடம்தான் அது.

வெகு நாள் காந்தல் பக்கம் போகாமல் இருந்தேன். கோயமுத்தூரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் திரும்பும்போது வர்க்கி கேட்டார்கள். வேறு கடையில் வாங்கியிருக்கலாம். மனைவி அதற்குச் சம்மதிக்கவில்லை. “வாங்குனா அவருகிட்டத்தான். நீங்கதான் போறீங்க” என்றாள்.

பேக்கரியில் அடுப்பின் சூட்டில் கண்ணாடி மங்கியது. துடைத்துப் போட்டபோது அவர் எதிரில் நின்றிருந்தார்.

“வாங்க சேர். வர்க்கியா?”

“ஒரு பெட்டி.” கொஞ்ச நேரம் அவர் அடுக்குவதைப் பார்த்தேன். பெரியவர்கள் எழுந்து நின்றதை வீடியோவில்தான் கண்டேன் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

“நான் மேல இருந்தே பாத்தேன்” என்றார்.

அவர் பெட்டியின் மேல் நூலைப் போட்டு, திருப்பி, முடிச்சுப் போடுகிற வரைக்கும் நான் பேசவில்லை. அப்படியே போயிருக்கலாம். ஆனால் எனக்கு வழக்கம் போல ஏதாவது சொல்லத் தோன்றியது. அன்றைக்கு அவருக்கு உதவி செய்யத்தான் மேடையேறினேன் என்றேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“மொத நாடகத்துல நீங்க ஒண்ணுஞ் செய்யாம இருந்தீங்க சேர், பாட்டு நின்னுச்சு. இன்னொருக்காவும் அப்படியே சும்மா இருந்திருக்கலாம்.”